இருப்புக்கொள்ளாமை

பாலத்தைத் தூக்குவது என் வேலை.
டுலூத் துறைமுகக் கால்வாயின் மேல்
கப்பல் வந்தால் மேலே, போனால் கீழே,
இருபத்திரண்டு வருஷமாக.
போன ஏப்ரலில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து
முதல் கப்பல் வந்தபோது
பாலம் எழுந்தது.
நான் எழவில்லை.

கட்டிலின் ஓரம்வரை வந்து
சாக்ஸைக் கையில் பிடித்தபடி
பத்தரை மணிவரை இருந்திருக்கிறேன்.
ஒன்றை மார்லிஸ் மாட்டிவிடுவாள்.
மற்றதை நான் மாட்ட வேண்டும்,
அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

டாக்டர் ஃபென்ஸ்டாட் நல்ல மனிதர்.
இரண்டு மாத்திரைகளை மாற்றிப் பார்த்தார்.
நவம்பரில், கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி,
"இதோடு இன்னொன்று சேர்ப்போம், துணைக்கு" என்றார்.
துணைக்கு.
இருட்டில் தனியாகப் போகிறவனோடு
சின்னப் பிள்ளையை அனுப்புவதுபோல.

மருந்துத் தாள்
தபால்தலை அளவு மடிப்பிலிருந்து
சாப்பாட்டு மேசை அளவுக்கு விரிந்தது.
முதல் வரியிலேயே மனச்சிதைவு.
என்னுடையது சிதறவில்லையே என்றேன்,
ஒரே கட்டியாக, ஈயமாக,
போட்டது போட்டபடி கிடக்கிறதே.
"வேறு வேலைக்கும் ஆகும்போல" என்றாள் மார்லிஸ்.
"உன் அண்ணன் டிராக்டர் பாட்டரியில்
மீன்பிடிக் குடிசைக்கு விளக்குப் போடவில்லையா?"

தொலைக்காட்சியில் அதே மருந்துக்கு விளம்பரம்.
ஒரு பெண் நாயோடு புல்வெளியில் நடக்கிறாள்.
பின்னால் ஒரு குரல்
மரணம் உட்பட எல்லாவற்றையும்
ஏலக்காரன் வேகத்தில் வாசித்து முடிக்கிறது.
நாய் மட்டும் காதைத் தூக்கிக் கேட்கிறது.

ஒன்பதாம் நாள்
வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.
பொய் சொல்ல மாட்டேன், வந்தது.
இரண்டு சாக்ஸையும் நானே மாட்டினேன்.
மார்லிஸ் குளியலறைக்குள் போய்த்
தண்ணீரைத் திறந்துவிட்டாள்,
அவள் அழுவது எனக்குக் கேட்கக்கூடாதென்று.

பதினான்காம் நாள் கால்கள் தொடங்கின.
வலியில்லை. அரிப்பில்லை.
எலும்புக்குள் யாரோ
புறப்படு, புறப்படு என்கிறார்கள்,
எங்கே என்று சொல்லாமல்.
உட்கார்ந்தால் எழச் சொல்கிறது,
எழுந்தால் நடக்க, நடந்தால் திரும்ப.
சமையலறைத் தரையில் நூற்றுப்பன்னிரண்டு சதுரங்கள்.
ராத்திரி மூன்று மணிக்கு எண்ணினேன்.
நாலு மணிக்குச் சரிபார்த்தேன்.

எழுந்துவிட்டாயே என்று ஊர் மகிழ்ந்தது.
பாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
மூன்று வீட்டு வாசல் பனியையும் நானே தள்ளினேன்.
தள்ளி முடித்த இடத்திலும் தள்ளினேன்.
தூரத்திலிருந்து பார்த்தால்
தேறியவன் மாதிரியே இருந்திருப்பேன்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் இரவு
ஜன்னலுக்குக் கீழே கால்வாய் கறுப்பாக ஓடியது.
எங்கே என்று சொல்லாத குரல்
முதல்முறையாக ஓர் இடத்தைச் சொன்னது.
சாவியை ரோட்னியிடம் கொடுத்துவிட்டு
வீடுவரை நடந்தேன். நடக்கவா கஷ்டம்.

விடிந்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.
தூக்கமில்லை, பதற்றம் என்று சொன்னேன்.
கால்வாயைச் சொல்லவில்லை.
பதற்றத்துக்கு மருந்தைக் கூட்டலாம் என்று பதில் வந்தது.

கூட்டிய மருந்தை வாங்கப் போனேன்.
கவுண்டருக்குப் பின்னால் யெர் வாங்,
செயின்ட் பாலிலிருந்து புதிதாக வந்த ஹ்மாங் பெண்.
சீட்டைப் பார்க்கவில்லை, என் பூட்ஸைப் பார்த்தாள்.
வரிசையில் நின்ற இடத்திலேயே
அரை மைல் நடந்திருந்தேன்.
"ஓடுவது மனசா, காலா?"

ஒருவரும் கேட்காத கேள்வி.
காலையும் சொன்னேன்,
கால்வாயையும் சொல்லிவிட்டேன்.

அதற்கு ஒரு கிரேக்கப் பெயர் உண்டாம்,
உட்காராமை என்று அர்த்தமாம்.
புட்டியைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு
ஃபென்ஸ்டாட்டை அழைத்தாள்.
பதினொரு நிமிடம் ஏதோ பியானோ இசை.
பிறகு அவர் குரல்:
"நான்தான் கேட்டிருக்க வேண்டும்."

இப்போது பாதி மாத்திரை.
கத்தியால் வெட்டினால் தூளாகிறது,
மார்லிஸ் நாக்கில் தொட்டுப் பார்த்துக் கசக்கிறது என்கிறாள்.
வெங்காயமும் வேண்டும் எனக்கு,
நாற்காலியும் வேண்டும்.
இரண்டும் ஒரே அளவில் கிடைக்குமா என்று கேட்டால்
பார்ப்போம் என்கிறார் டாக்டர்.
முன்பு அந்தச் சொல்லை
கணினியைப் பார்த்துச் சொல்வார்.

நேற்று ரோட்னி பக்கத்தில் இருக்க
பாலத்து அறையில்
ஆறு நிமிடம் உட்கார்ந்தேன்.
ஏழாவது நிமிடம்
தாது ஏற்றிய கப்பல் ஒன்று ஊதியது.
எப்படியும் எழத்தான் வேண்டியிருந்தது.